சிப்பிவிளையில் பூட்டிய வீடுகள்

படிவத்துக்கு ஏழு பக்கங்கள். ஏழாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வாக்கியம்: "இந்த ஆய்வினால் மக்கள் அடைந்த நன்மையை நேரில் கண்டேன்." அதற்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் ஜெயக்கொடி சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து, ஆனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, சிப்பிவிளைப் பேருந்து நிறுத்தத்தில் வந்து இறங்கினாள்.

பொதுநலப் புள்ளியியல் விருது என்று ஒன்று உண்டு. அரசாங்கம் வீடு வீடாகச் சேகரித்து வைத்திருக்கும் புள்ளிவிவரங்களைக் கொண்டு மக்களுக்கு உபயோகமாக யாராவது ஆராய்ச்சி செய்தால், ஆண்டுக்கு ஒருமுறை மேடையேற்றிப் பாராட்டுவார்கள். பாராட்டோடு முடிவதில்லை. விருது பெற்ற முறை மறு ஆண்டிலிருந்து மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்துவிடும். அதனால் விருதுக்குழு ஒரு விதி வைத்திருந்தது. கடைசிச் சுற்றுக்கு வரும் ஆய்வு தொட்ட ஊர்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். முப்பது ஆண்டுகள் புள்ளியியல் துறையில் இருந்தவள், அதில் பதினொரு ஆண்டுகள் படிவமும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தவள் என்பதால் அந்த வேலை ஜெயக்கொடிக்கு வந்தது.

இந்த ஆண்டு கடைசிச் சுற்றுக்கு வந்த ஆய்வின் பெயர் 'குடை'.

கடற்கரை மாவட்டங்களில் ஆண்டுக்கு நாற்பது நாள்போல ஈரவெப்பம் அடிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதிகாரிகள் அதை ஈரவெப்ப நாள் என்பார்கள். உப்பளத்துக்காரர்களின் பேச்சில் அது காயாத நாள். அன்றைக்கு வேர்வை காயாது, கொடியில் போட்ட துணி காயாது, பாத்தியில் உப்பு விளையாது. எவ்வளவு திடகாத்திரமான ஆளாக இருந்தாலும் ஆறு மணி நேரம் வெளியில் கிடந்தால் உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். குளிர்ந்த, உலர்ந்த அறை ஒன்றுதான் மருந்து. அதற்காகத்தான் லாரியில் ஏற்றி இறக்கக்கூடிய இரும்புக் குளிர்மண்டபங்களை அரசு செய்தது. ஒன்றில் நூற்றிருபது பேர் உட்காரலாம்.

"ஊர் பதினாறாயிரம் மேடம், மண்டபம் நாலாயிரம்தான்," என்று விருதுக்கான நேர்காணலில் சொல்லியிருந்தான் இளஞ்சேரன். குடையை உருவாக்கியவன் அவன்தான். முப்பத்தாறு வயது. பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கத் தெரியாத, பொய் சொல்லவும் தெரியாத மனிதன். "யாருக்குக் குடுக்கறது, யாருக்கு இல்லைன்றதுன்னு முன்னாடி எம்.எல்.ஏ. ஆபீஸ்ல முடிவாகும். இப்போ குடை முடிவு பண்ணுது. வெயில் மாசங்கள்ல உங்க துறை ஆளுங்க ஒரு வீடு விடாம போய்க் கேக்கறாங்க இல்லையா, கடந்த முப்பது நாள்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு? அந்தப் பதில்களைப் படிச்சு, அடுத்த கோடையில எந்த ஊர்ல மண்டபம் இருந்தா அதிகம் பேர் பிழைப்பாங்கன்னு சொல்லும். பங்குனிக் கடைசியில லாரி கிளம்பும்."

மூன்று கோடைகளாக நாலு மாவட்டங்களில் அப்படித்தான் நடந்தது. இருநூற்றுப் பதினாலு ஊர்களிலிருந்து மண்டபங்கள் கிளம்பி, வேறு இருநூற்றுப் பதினாலு ஊர்களுக்குப் போயின. காப்பாற்றப்பட்ட உயிர்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. மண்டபத்தை இழந்த ஊர்களில் முதலாவது சிப்பிவிளை. முந்நூற்று நாற்பது வீடுகள், முழுக்க உப்பளத் தொழிலாளிகள். மூன்று கோடையிலும் அங்கே வெயிலுக்கு ஒரு சாவுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக வெயிலில் நின்ற உடம்பு பழகிவிட்டது என்று ஆய்வு சொன்னது. 'வெயிலை வென்ற ஊர்' என்று பத்திரிகைகள் எழுதின. சீட்டுக் குலுக்கியபோது வந்ததும் அதே பெயர்.

நிறுத்தத்தில் ஐகோர்ட்துரை பேட்டரி பைக்கோடு நின்றிருந்தார். இந்தப் பகுதியின் களப் பணியாளர். இருபது வருடத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஜெயக்கொடியிடம் பயிற்சி எடுத்தவர். இப்போது காதோரம் நரைத்திருந்தது.

"வாங்க மேடம். டீ குடிச்சிட்டுப் போவமா?"

டீக்கடையில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு மொட்டைத் தலை. மூன்று வாரத்து முடி உப்புத் தூவியதுபோல முளைத்திருந்தது. சாலையைக் கடந்து போன ஒருவனுக்கும் மொட்டை. பைக்கில் போன அண்ணன் தம்பி இருவருக்கும் மொட்டை.

"என்ன ஐகோர்ட்துரை, ஊரே திருச்செந்தூருக்கு நேந்துகிட்டாங்களா?"

ஐகோர்ட்துரை சிரிக்கவில்லை. டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"திருச்செந்தூர் மொட்டைன்னா மீசை தப்பிரும் மேடம்," என்றார்.

ஜெயக்கொடி மறுபடி பார்த்தாள். ஒருவனுக்கும் மீசை இல்லை. தாய் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர்களின் முகம் அது. அவள் தன் டீயைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"போன மாசச் சுற்றோட பட்டியலை எடுங்க," என்றாள்.

ஐகோர்ட்துரை பையிலிருந்து பலகையை எடுத்தார். துறை கொடுத்த தட்டைக் கணினியைக் களப் பணியாளர்கள் பலகை என்றுதான் சொல்வார்கள். முந்நூற்று நாற்பது வீடுகளில் முந்நூற்றுப் பதினேழு பதில் சொல்லியிருந்தன. இருபத்து மூன்று வீடுகளுக்கு நேரே 'பூட்டிய வீடு' என்று இருந்தது.

"சரி. ஒரு பூட்டைப் போய்ப் பாப்போம்."

"எதுக்கு மேடம் வெயில்ல?"

"வெயிலை ஜெயிச்ச ஊர்தானே. வாங்க."

பட்டியலில் முதலில் இருந்த பூட்டிய வீடு தெற்குத் தெருவின் கடைசியில் இருந்தது. பனையோலைக் கூரை, சிமெண்டுக் கல் சுவர். வாசலில் உப்புச் சாக்கைப் பிரித்துத் தைத்த படுதா ஒன்று தொங்கியது. கதவே இல்லை.

ஜெயக்கொடி அந்தப் படுதாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவில்லாத வீடு பூட்டிய வீடாகப் பதிவாகியிருந்தது.

படுதாவை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பது சொச்சம் வயது. உப்புநீர் தின்ற பாதங்கள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"யாரு, துரை அண்ணாச்சியா? பதினாறு முடிஞ்சி நாலு நாளாச்சு, இன்னைக்குத்தான் வாரியளாக்கும்?"

"மெட்ராஸ்ல இருந்து மேடம் வந்திருக்காவ, பேச்சித்தாய். நம்ம ஊரைப் பத்தி எழுதினவருக்கு விருது குடுக்கப் போறாவளாம்."

"யாருக்குப் பரிசு? எங்களுக்கா, வெயிலுக்கா?"

உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது. "மருமவளே, பரிசுன்னா எனக்கும் ஒண்ணு கேளு. நான்தான இன்னும் சாவாம கெடக்கேன்."

அது பேச்சித்தாயின் மாமியார் மாரிக்கனி. அறுபத்தேழு வயது. சிறுநீரகம் கெட்டு, கால் இரண்டும் பூசணிபோல வீங்கி, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் செல்லத்துரை, பேச்சித்தாயின் புருஷன், வைகாசி கடைசியில் செத்துப்போயிருந்தான். நாற்பத்தெட்டு வயது.

பேச்சித்தாய் அதைச் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. ஏற்கெனவே பல பேரிடம் சொல்லிக் காய்ந்துபோன சேதியாக இருந்தது.

"அன்னைக்குக் காயாத நாளு. பத்து மணிக்கே தலை சுத்துதுன்னாவ. முன்னாடின்னா மண்டபத்துல போயிப் படுத்துக்கிடுவோம். இப்ப எங்கன போவ? பாத்தித் தண்ணியில உக்காந்தாவ, அதுவும் சூடா கெடந்து. ஆஸ்பத்திரியில ஹார்ட் அட்டாக்குன்னு எழுதிக் குடுத்தாவ."

"மண்டபம் வேணும்னு யாரும் மனு குடுக்கலையா?"

"குடுக்காம? மூணு வருசமும் குடுத்தோம். ஆபீசுல கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுதாவ. 'உங்க ஊர்ல சாவே இல்லையம்மா'ங்காவ. போன வருசம் செத்த எம் மாமனாரு அந்தக் கம்ப்யூட்டருல உசுரோடதான் இருக்காராம். இவியளும் இனி இருப்பாவ."

கிழவி உள்ளிருந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அன்று மாலைக்குள் இருபத்து மூன்று பூட்டிய வீடுகளையும் ஜெயக்கொடி பார்த்து முடித்தாள். நிஜமாகவே பூட்டியவை நாலு. மற்ற பத்தொன்பதும் துக்க வீடுகள்.

உப்புக் குவியலின் ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு ஐகோர்ட்துரை தலை குனிந்து நின்றார்.

"ஏன் அய்யா இப்படிப் பண்ணினீங்க?"

"வேற என்ன மேடம் செய்ய? பலகையில மூணு பொத்தான்தான் இருக்கு. திறந்த வீடு, பூட்டிய வீடு, மறுத்த வீடு. கேள்விப் பட்டியல் நூத்திப் பத்து. வாசல்ல செருப்பு குவிஞ்சி கெடக்கு, உள்ள பொம்பளைய மாரடிச்சி அழுதாவ. அங்க போயி, 'உங்க வீட்டுல வாரத்துக்கு எத்தனை முட்டை வாங்குவிய'ன்னு கேக்கவா? மறுத்த வீடுன்னு போட்டா அவியளுக்கு நோட்டீஸ் போவும். அதான் பூட்டிய வீடு."

"பதினாறு கழிச்சுப் போயிருக்கலாமே?"

"போவேன் மேடம். ஆனா அஞ்சாந் தேதியோட சுற்று அடைச்சிரும். அடுத்த சுற்றுல பலகை 'கடந்த முப்பது நாளில்'னு கேக்கும். செத்து முப்பத்தஞ்சு நாளாயிருக்கும். இல்லைன்னுதான் போட முடியும்." நிமிர்ந்து பார்த்தார். "செருப்பைப் பாத்தா திரும்பி வந்துரணும்னு நீங்கதான மேடம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திய."

ஆமாம். அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

இருபத்தாறு வயதில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், தெரியாமல் ஒரு துக்க வீட்டுக்குள் போய்விட்டாள். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டாள். அந்த வீட்டுப் பெண் விரல் விட்டு எண்ணி ஐந்து என்றாள். பிறகு கையைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நாலாவது விரலில் நின்றுவிட்டாள். அந்த விரலை மடக்கத் தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்த கோலத்தை ஜெயக்கொடி முப்பது வருடமாக மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகுதான் களக் கையேட்டில் ஏழாம் குறியீடு வந்தது: 'துக்கம் – பிறகு வரவும்.' அதை எழுதியவள் அவள். எடுத்துப் போட்டவளும் அவள்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காகிதம் போய்ப் பலகை வந்தபோது, அதை வடிவமைத்தவர்கள் கேட்டார்கள்: "இந்த ஏழு எவ்வளவு வரும் மேடம்?" நூற்றுக்கு ஒன்றுகூட வராது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் வரவும் இல்லை.

கிளம்பும்போது ஜெயக்கொடி, பேச்சித்தாய் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் பைக்கை நிறுத்தச் சொன்னாள்.

"நான் எழுதுறேன் பேச்சித்தாய். நடந்தது அத்தனையும் எழுதுறேன். வர்ற பங்குனியில மண்டபம் திரும்பி வரும்."

"வரட்டும்," என்றாள் பேச்சித்தாய். "எங்க அத்தை மூணு கோடையைத் தாங்கிட்டாவ. இன்னொண்ணு தாங்க மாட்டாவ."

சென்னையில் இளஞ்சேரன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். முடிந்ததும் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டான்.

"பதில் வராத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பதிலை நிரப்பச் சொல்லியிருந்தேன்," என்றான். "ஒரே தெரு, ஒரே தொழில், ஒரே மாதிரிதான் இருக்கும்னு. உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க மேடம்."

"பக்கத்து வீட்டுல யாரும் சாகலை. அதனால இந்த வீட்டுலயும் சாகலை."

"ஆமா."

"எத்தனை பேர் செத்தாங்களோ அத்தனை வீடு பூட்டியிருக்கும். அதிகமா சாகச் சாக, ஊர் ஆரோக்கியமா தெரியும்."

"புரியுது மேடம். இறப்புப் பதிவேட்டைப் பார்த்திருக்கலாம். அதுல வெயில்னு ஒரு காரணமே கிடையாதுன்னு விட்டுட்டேன். எனக்கு ரெண்டு மாசம் குடுங்க."

இரண்டு மாதம் தேவைப்படவில்லை. ஜெயக்கொடிதான் வழி சொன்னாள். நிஜமாகப் பூட்டிய வீடென்றால் களப் பணியாளர் தட்டுவார், கூப்பிடுவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்; ஐந்து நிமிடமாவது ஆகும். துக்க வீடென்றால் செருப்பைக் கண்டதுமே திரும்பிவிடுவார். எங்கே எத்தனை நொடி நின்றார் என்பது பலகையில் பதிந்திருக்கும். நாற்பது நொடிக்குக் குறைவாக நின்ற பூட்டிய வீடுகளை இளஞ்சேரன் தனியே எடுத்தான். ஒவ்வொரு ஊருக்கும் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். இருநூற்றுப் பதினாலு ஊர்கள், மூன்று கோடைகள், ஆயிரத்து எண்ணூற்று எழுபது சாவுகள். சிப்பிவிளையில் மட்டும் அறுபத்தொன்று.

பிறகு திருத்திய விவரங்களைக் குடைக்குக் கொடுத்து, வரப்போகும் கோடைக்கு மண்டபம் எங்கே வைக்கலாம் என்று மறுபடி கேட்டான். முடிவு வந்த அன்று அவனே அவள் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"நாலு மாவட்டத்துல பல இடம் மாறுது மேடம். எண்பது ஊருக்கு மண்டபம் திரும்பிப் போகுது."

"சிப்பிவிளைக்கு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வரலை."

"ஏன்? அறுபத்தொரு பேர் இளஞ்சேரன். ஆயிரத்து நானூறு பேர் இருக்கற ஊர்ல."

"அதனாலதான் மேடம்." என்றான். "எத்தனை பேர் செத்தாங்கன்னு குடை பார்க்காது. வரப்போற கோடையில எத்தனை பேர் சாவாங்க, மண்டபம் வெச்சா எத்தனை பேரைக் காப்பாத்தலாம்னு பார்க்கும். வயசானவங்க, கிட்னி போனவங்க, இதயம் பலவீனமானவங்க – இவங்கதான் சாவாங்க. சிப்பிவிளையில அந்த மாதிரி இருந்தவங்க பெரும்பாலும்... போயிட்டாங்க. அறுபது வயசுக்கு மேல இப்போ அம்பத்தெட்டு பேர்தான். மிச்சம் இருக்கறது வலுவான உடம்பு. முதல்ல தப்பான காரணத்துக்காக அந்த ஊருக்கு மண்டபம் வேண்டாம்னு சொன்னோம். இப்போ சரியான காரணத்துக்காகச் சொல்றோம்."

"அந்த அம்பத்தெட்டு பேர்?"

"அதே மண்டபத்தை வேற ஊர்ல வெச்சா முறை வெச்சு முந்நூறு பேருக்கு உதவும் மேடம். நாலாயிரம்தான் இருக்கு. ஒரு ஊருக்கு வந்தா இன்னொரு ஊர்ல இருந்துதான் வரணும்."

"எப்பதான் வரும்?"

"இப்போ நாப்பத்தஞ்சு, அம்பதுல இருக்கறவங்களுக்கு வயசாகணும். கணக்குப்படி பதினொரு வருஷம்."

அவன் கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கும் என்று ஜெயக்கொடி மூன்று நாள் தேடினாள். இல்லை. இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது.

விருதுக்குழுத் தலைவர், ஓய்வுபெற்ற துணைவேந்தர், அவளைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். "நாலாயிரத்து நூத்திப் பன்னிரண்டுல ஆயிரத்து எண்ணூத்தி எழுபதைக் கழிச்சாலும் ரெண்டாயிரத்துக்கு மேல உயிர் மிச்சம் இருக்கும்மா. அதோட, தன் பிழையைத் தானே ஒத்துக்கிட்டுத் திருத்தின ஆராய்ச்சி. எத்தனை பேர் அப்படிப் பண்ணுவாங்க? நீங்களும் மேடைக்கு வரணும்."

"ஏழாம் பக்கத்துல நான் கையெழுத்துப் போட முடியாது சார். நன்மையை நேரில் கண்டேன்னு இருக்கு. நான் நன்மை எதையும் காணலை."

"அவ்வளவுதானே?" என்றார் தலைவர்.

மறுநாள் புதிய ஏழாம் பக்கம் வந்தது. "இந்த ஆய்வில் செய்யப்பட்ட திருத்தத்தை நேரில் கண்டேன்."

அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் பழைய பலகை, பழைய மூன்று பொத்தான்கள், இன்னும் பல ஊர்களில் பூட்டிய வீடுகள். போட்டால் திருத்தத்தோடு சேர்ந்து ஏழாம் குறியீடு மாநிலம் முழுக்கத் திரும்பி வரும். சிப்பிவிளைக்கு மட்டும் மண்டபம் வராது. எட்டாவது நாள் கையெழுத்துப் போட்டாள். மாசி மாதம் விழா நடந்தது. இளஞ்சேரன் மேடையில் அழுதான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பங்குனிக் கடைசியில் லாரிகள் கிளம்பின.

வைகாசி பிறந்து பத்தாவது நாள் ஜெயக்கொடி மறுபடி சிப்பிவிளை நிறுத்தத்தில் இறங்கினாள். யாரும் அனுப்பவில்லை. பேச்சித்தாயிடம் சொல்லியிருந்தது வேறு, நடந்தது வேறு. அதை நேரில் சொல்ல வேண்டும் என்று விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். காயாத நாள். பேருந்திலிருந்து இறங்கிய மறுநிமிடமே சேலை முதுகோடு ஒட்டியது. உப்பளத்தில் ஓர் ஆளைக் காணவில்லை. பாத்திகளில் தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது.

ஐகோர்ட்துரை முன்பே சுற்றில் இருந்தார். அவளைக் கண்டதும் பலகையைத் திருப்பிக் காட்டினார்.

"பொத்தான் வந்துட்டு மேடம். ஏழாம் நம்பரு. பாருங்க."

ஊதா நிறத்தில் நாலாவது பொத்தான். 'துக்கம் – பிறகு வரவும்.' அழுத்தினால் இறந்தவரின் பெயரும் வயதும் மட்டும் கேட்கும். பதினாறு நாள் கழித்துத் தானே நினைவூட்டும்.

"நல்லது. தெற்குத் தெருவுக்குப் போவோம்."

ஐகோர்ட்துரை பைக்கைக் கிளப்பவில்லை.

"அங்கன காலையிலதான் அழுத்துனேன் மேடம்," என்றார்.

சாக்குப் படுதாவின் முன்னால் செருப்புகள் கிடந்தன. அதிகமில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் ஜெயக்கொடியின் கால்கள் தாமாகவே நின்றன. பிறகு அவள் தன் செருப்பையும் அவற்றோடு கழற்றிப் போட்டுவிட்டு, படுதாவை விலக்கி உள்ளே போனாள்.

மாரிக்கனி சாய்ந்திருந்த சுவரோரம் ஒரு விளக்கு எரிந்தது. பேச்சித்தாய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்கள் ஓலை விசிறியால் அவளுக்கு விசிறினார்கள். அந்தக் காற்றும் வெந்நீராக இருந்தது.

"வாங்க மேடம். நேத்து அடக்கம் பண்ணியாச்சி. பரிசு வாங்காமலே போயிட்டாவ."

ஜெயக்கொடி தரையில் உட்கார்ந்தாள்.

"எழுதியாச்சா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"காலையிலயே எழுதியாச்சு."

"அப்பம் இனி மண்டபம் வரும்லா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜெயக்கொடி சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பத்தெட்டு, இன்று ஐம்பத்தேழு ஆனது, வலுவான உடம்புகள், பதினொரு வருடம் என்பது இன்றைக்குக் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும் என்பது. விசிறிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

பேச்சித்தாய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"அப்பம் வயசாளிய நெறைய இருந்தாத்தான் மண்டபம் வரும், என்ன?"

"ஆமா."

"எனக்கு என்ன வயசுன்னு அதுல போட்டிருக்கு?"

"நாப்பத்தி மூணு."

"அறுவத்தி மூணுன்னு போடுங்க."

ஜெயக்கொடி அவளைப் பார்த்தாள். உப்புத் தின்ற கால், வெடித்த உதடு, நரைத்த வகிடு. அறுபத்து மூன்று என்று சொன்னால் நம்பாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். முப்பது வருடத்தில் அவள் ஒரு தவறான எண்ணைத் தெரிந்தே எழுதியதில்லை. இங்கே ஒரு மண்டபம் வந்து இறங்கினால், எங்கேயோ அவள் பார்த்திராத ஓர் ஊரில் அது லாரியில் ஏறும் என்பதும் தெரியும். அந்த ஊரில் நிஜமாகவே அறுபத்து மூன்று வயதில் ஒருத்தி இருப்பாள்.

எழுந்து படுதாவை விலக்கி வெளியே வந்தாள். ஐகோர்ட்துரை வேலியோர நிழலில் நின்றிருந்தார். அவள் கையை நீட்டினாள். பலகையைக் கொடுத்தார். அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பார்த்துவிட்டு, முகத்தை உப்பளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வயதுக் கட்டத்தில் எண்ணை மாற்றிவிட்டு ஜெயக்கொடி நிமிர்ந்தாள்.

"பக்கத்து வீட்டுல யாரு இருக்கா, ஐகோர்ட்துரை?"